அயர்லாந்தில் கடும்பனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் எல்லாமே பனிதான். மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனி, கண்ணை மறைப்பதும் பனி, மலையில் கொட்டிக் கிடப்பதும் பனி. அயர்லாந்துக் குளிரைப் பற்றிப் பேச இது போதாது. அதனால் இங்கே வானத்திலிருந்து வெள்ளையாக விழுவதை வெண்பனி என்றும், தரையிலும் குழாயிலும் இறுகுவதை உறைபனி என்றும், தார்ச்சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடிபோல் படிவதைக் கரும்பனி என்றும் சொல்கிறோம். மூன்றும் செய்யும் கேடு வேறு வேறு.

அயர்லாந்து அவ்வளவு வடக்கே இருக்கிறதே, அங்கே பனி புதிதா என்ன?

புதிதில்லை, ஆனால் அரிது. மேற்கே அட்லாண்டிக்கில் வெதுவெதுப்பான நீரோட்டம் ஓடுகிறது, காற்றும் பெரும்பாலும் அந்தப் பக்கமிருந்தே வீசுகிறது. ஆகவே வழக்கமான குளிர்காலம் என்றால் மழை, சேறு, ஐந்தாறு டிகிரி வெப்பம், அவ்வளவுதான். காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து வந்தால்தான் வம்பு. ரஷ்யப் பக்கத்துக் கடுங்குளிர்க் காற்று ஐரிஷ் கடலைத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு டப்ளின், விக்லோ, வெக்ஸ்ஃபோர்டு கரைகளில் கொட்டிவிடும். தெற்கிலிருந்து ஈரமான புயல் ஒன்றும் அதே நேரத்தில் வந்து மோதினால் 1947, 1982, 2018 போல ஆகும்.

அடிக்கடி வராததால் ஊர் அதற்கென்று ஆயத்தமாகவும் இருப்பதில்லை. குளிர்கால டயர் கட்டாயமில்லை. பனி வாரும் வண்டிகள் குறைவு. வீட்டுக் குழாய்கள் மிதமான குளிரை எண்ணிப் போடப்பட்டவை. பின்லாந்துக்காரர் சிரிக்கும் பத்து சென்டிமீட்டர் வெண்பனி டப்ளினை நிறுத்திவிடுவது இதனால்தான்.

பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குளிர்காலங்கள் எவை?

மூத்தது 1740. 1739 டிசம்பர் முடிவில் தொடங்கிய குளிர் ஏழு வாரம் போல நீடித்தது, பெரிய ஆறுகள் உறைந்தன. அந்த ஆண்டில் கொன்றது வெண்பனி இல்லை, உறைபனி. ஏழைகள் உருளைக்கிழங்கை மண்ணிலும் ஆழமில்லாத குழிகளிலும் விட்டு, வேண்டும்போது தோண்டி எடுப்பது வழக்கம். குளிர் மண்ணுக்குள் இறங்கியதும் மொத்தமும் அழுகியது, விதைக்கிழங்கும் போயிற்று. பிறகு வறட்சி, அதன் பிறகு காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். 24 லட்சம் பேர் இருந்த நாட்டில் 3 லட்சத்துக்கு மேல் இறந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. ஐரிஷ் மொழியில் 1741-க்குப் ‘படுகொலை ஆண்டு’ என்று பொருள்படும் பெயர் உண்டு. நூறு ஆண்டு கழித்து வந்த பெரும்பஞ்சம்தான் உலகம் அறிந்தது, இது அதன் நிழலில் மறைந்துவிட்டது. கில்டேரில் காஸில்டவுன் மாளிகைக்குப் பின்னால் நிற்கும் கானலி கோபுரம், அந்தப் பஞ்சத்தில் கூலி கொடுப்பதற்கென்றே கட்டப்பட்டது.

அடுத்து 1947. பிப்ரவரி 24, 25 தேதிகளில் அடித்த பனிப்புயலுக்கு இன்றும் ‘பெரிய பனி’ என்றே பெயர். அதைத் தனிப் புயலாகப் பார்த்தால் புரியாது. 1946 கோடை முழுக்க மழை. கதிர் வயலில் சாய்ந்து கிடந்ததால், டப்ளின் அலுவலகங்களிலிருந்துகூட ஆட்கள் அறுவடைக்குப் போனார்கள். டர்ஃப் என்னும் கரிமண் கட்டி காயவே இல்லை. போர் முடிந்தும் நிலக்கரி வரவில்லை, ரயில்களைக் குறைத்துவிட்டார்கள். 1947 ஜனவரியில் ரொட்டிக்கும் ரேஷன் வந்தது. அடுப்பில் ஈர டர்ஃப், அலமாரியில் அளந்த ரொட்டி என்றிருந்த வீடுகளின் மேல்தான் அந்தப் பனி விழுந்தது.

1962-63, நீண்ட குளிர். டிசம்பர் 30, 31-இல் பனிப்புயல் அடித்தது. 1982 ஜனவரி 8, வெள்ளிக்கிழமை: டப்ளினும் சுற்றுப்புறமும் பல நாள் முடங்கின. துணைப் பிரதமர் மைக்கேல் ஓ’லியரிக்கு நிவாரணப் பொறுப்பைக் கொடுக்க, மக்கள் அவருக்கு ‘பனி அமைச்சர்’ என்று பட்டம் சூட்டினார்கள். அந்த மாதக் கடைசியில் அரசே கவிழ்ந்தது, ஆனால் பனியால் அல்ல. பட்ஜெட்டில் குழந்தைகளின் காலணிக்கு வரி போட்டதால்.

2010-இல் ஜனவரியிலும் அடித்தது, நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் வரையும் அடித்தது. டிசம்பர் 25 அன்று மேயோவில் ஸ்ட்ரேட் என்ற ஊரில் மைனஸ் 17.5 டிகிரி. நாட்டிலேயே மிகக் குறைவு, 1881 ஜனவரி 16 அன்று ஸ்லைகோவின் மார்க்ரீ காஸிலில் பதிவான மைனஸ் 19.1. 2018 மார்ச் முதல் வாரத்தில் எம்மா புயல். விக்லோ மலையில் க்ளென்மக்னாஸில் 69 செ.மீ. பனி கிடந்தது.

ஒவ்வொரு முறையும் அடி விழுந்த இடம் வேறு என்பதைக் கவனியுங்கள். 1740-இல் கிழங்குக் குழி, 1947-இல் அடுப்பு, 1982-இல் சாலை, 2010-இல் உப்பும் தண்ணீர்க் குழாயும், 2018-இல் கூரையும் ரொட்டிக் கடையும். கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் திட்டத்தின் முதல் கம்பம் 1946 நவம்பரில்தான் நடப்பட்டது. ஆக, 1947-இல் பெரும்பாலான கிராமத்து வீடுகளில் வெடிக்கக் குழாயும் இல்லை, போகக் கரண்டும் இல்லை. 2010-இல் இரண்டும் இருந்தன. போன குளிருக்கு என்ன வாங்கி வைத்தோமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த குளிரைச் சமாளிக்க முடியாது.

குழாய் ஏன் வெடிக்கிறது? எந்தக் குழாய்?

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். பனிக்கட்டிக்கும் மூடிய திருகுக்கும் (டேப்புக்கும்) இடையில் மாட்டிய தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது, அழுத்தம் ஏறிச் செம்புக் குழாய் பிளக்கும். பிளந்தது அப்போதே தெரியாது, கட்டியே அடைப்பாக நிற்கும். இளகும் நாளில்தான் வீடு நனையும். ஆகவே வெயில் வந்த பிறகும் இரண்டு நாள் கவனம் வேண்டும்.

பழைய ஐரிஷ் வீடுகளில் கூரைக்கடியில், பரணில், 227 லிட்டர் தொட்டி ஒன்று இருக்கும். சமையலறைக் குளிர்நீர்க் குழாய் மட்டும் தெருக்குழாயிலிருந்து நேராக வரும், மற்றவை பரண் தொட்டியிலிருந்து இறங்கும். இது தெரிந்தால் பாதி நோய் புரிந்த மாதிரி. சமையலறையில் வருகிறது, குளியலறையில் வரவில்லை என்றால் உறைந்தது பரண். சமையலறையிலேயே வரவில்லை என்றால் உள்ளே வரும் குழாய் உறைந்திருக்கும், அல்லது தெருவிலேயே தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் எது என்று தெரிந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், பரண் தரையில் கம்பளிப் பஞ்சைத் தடிமனாகப் போட்ட வீட்டில்தான் தொட்டி சீக்கிரம் உறையும். கீழிருந்து போன சூடு இப்போது போவதில்லையே. அதனால் தொட்டியின் மேலும் பக்கங்களிலும் பஞ்சு சுற்றுங்கள், நேர் கீழே மட்டும் போடாதீர்கள். மிதவை வால்வுக்குப் போகும் குழாய்க்கும் நுரை உறை மாட்டுங்கள், முழங்கை வளைவை விட்டுவிடாமல். பெரும்பாலும் அந்த ஒரு சாண் வெறும் குழாய்தான் உறைகிறது. கடுங்குளிர் இரவில் பரண் கதவைத் திறந்து வைத்து, வீட்டுச் சூட்டைக் குறைவாகவாவது விடாமல் ஓடவிடுங்கள்.

உறைந்துவிட்டது. என்ன செய்ய?

1. மெயின் வால்வை மூடுங்கள். பெரும்பாலும் சமையலறை சிங்க்கின் அடியில் இருக்கும். குளிர் வரும் முன்பே ஒருமுறை திருகிப் பாருங்கள். பத்து வருடம் தொடாத வால்வு அவசரத்துக்குத் திரும்பாது.
2. உறைந்த குழாயின் திருகைத் திறந்து வையுங்கள்.
3. திருகின் பக்கமிருந்து தொடங்கி உள்நோக்கிச் சூடு காட்டுங்கள். வெந்நீர்ப் பை, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு, சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத இடமானால் தலைமுடி உலர்த்தி. நடுவிலிருந்து தொடங்கினால் இளகிய நீர் இரண்டு கட்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். நெருப்பு கூடவே கூடாது.
4. பிளவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்த பிறகு வால்வை மெல்லத் திறவுங்கள்.

கரி அடுப்புக்குப் பின்னால் தண்ணீர் சூடாக்கும் பாய்லர் உள்ள வீடு என்றால், குழாய் உறைந்திருக்கும்போது அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். போக்கு அடைபட்ட தண்ணீர் ஆவியானால் அந்த இரும்புப் பெட்டி வெடிக்கும். இது உயிர் போகும் தவறு. குழாய் விஷயத்தில் மற்றவை பெரும்பாலும் பணம் போகும் தவறு.

குழாய் வெடித்தே விட்டால்: மெயின் வால்வை மூடி, பாய்லரையும் வெந்நீர் ஹீட்டரையும் அணைத்து, குளிர்நீர்த் திருகுகள் எல்லாவற்றையும் திறந்து பரண் தொட்டியைக் காலி செய்யுங்கள். மின்கம்பி அருகே ஒழுகினால் மெயின் ஸ்விட்சையும் இறக்குங்கள். மேற்கூரை அட்டை வயிறுபோல் உப்பி நின்றால், கீழே வாளி வைத்து ஸ்க்ரூடிரைவரால் சின்ன ஓட்டை போட்டு வடியவிடுங்கள். விட்டால் மொத்த அட்டையும் இடிந்து விழும்.

கேஸ் பாய்லர் ‘கொளகொள’ என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. பழுதா?

அநேகமாக இல்லை. புதிய பாய்லர்கள் புகையிலிருந்து கழிவு நீரைப் பிரித்து, ஒரு மெல்லிய வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியே விடும். சுவருக்கு வெளியே அந்தக் குழாய் உறைந்தால் பாய்லர் தானே நின்றுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரை (கொதிநீரை அல்ல) அதன் மேல், முக்கியமாக வளைவில், ஊற்றிவிட்டு ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். இதற்காக ஆள் கூப்பிட்டுக் காசு கொடுத்தவர்கள் ஏராளம். வெளிப்பகுதிக்கு 32 மி.மீ. குழாயும் உறையும் போட்டுவிட்டால் அநேகமாக மறுபடி வராது.

இரவு முழுக்கக் குழாயைச் சொட்டவிட்டால் உறையாதாமே?

அந்த வீட்டுக்கு நல்லது, ஊருக்குக் கேடு. 2010-இல் ஊரே அப்படிச் செய்ததும் தெருக்குழாய்கள் வெடித்ததும் சேர்ந்து நீர்த்தேக்கங்களை இறக்கிவிட்டன. டப்ளினில் இரவில் தண்ணீரை நிறுத்த வேண்டியதாயிற்று. வட அயர்லாந்தில் நிலைமை இன்னும் மோசம், நீர் வாரியத் தலைவர் பதவி விலகினார். உறை மாட்டுங்கள். சொட்டவிடாதீர்கள்.

வாசலில் உப்பு எவ்வளவு போடுவது? வெந்நீர் ஊற்றலாமா?

வெந்நீர் வேண்டாம். அரைமணியில் அது கரும்பனியாகும்.

காலையில் யாரும் மிதிக்கும் முன்பே வாருங்கள். மிதிபட்ட வெண்பனி கல்லாகிவிடும். முதலில் நடுவே ஒரு தடம், பிறகு அங்கிருந்து இரு பக்கமும் தள்ளுங்கள். சாக்கடை வாய் மேல் குவிக்காதீர்கள், இளகும் நீருக்கு அதுதான் வழி. வாரிய பிறகு சதுர மீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு போதும், சமையல் உப்பே ஆகும். செடிகள் மேலும் புல் மேலும் படாமல் தூவுங்கள். உப்பு பனிக்கட்டியைக் கரைத்துத்தான் வேலை செய்யும், மைனஸ் 7-க்குக் கீழே போனால் சோம்பிவிடும். அப்போது மணலோ, ஆறிய அடுப்புச் சாம்பலோ தூவினால் பிடிப்பாவது கிடைக்கும். 2010-இல் நாட்டில் உப்பே தட்டுப்பட்டபோது பலர் சாம்பலுக்குத்தான் போனார்கள்.

‘நீ வாரிய பாதையில் யாராவது விழுந்தால் உன் மேல் வழக்கு வரும்’ என்ற பேச்சும் அந்த ஆண்டில் பரவியது. கவனமாக வாரியவர் மேல் பொறுப்பு விழ வாய்ப்பில்லை என்று அரசே அட்டர்னி ஜெனரலின் கருத்தை வைத்து விளக்கம் தந்துவிட்டது. தயங்காமல் வாருங்கள்.

வண்டி எடுக்கலாமா?

சிவப்பு எச்சரிக்கை என்றால் எடுக்காதீர்கள். 2018 மார்ச் 1, வியாழன் அன்று கிழக்கு, தெற்கு மாகாணங்களான லென்ஸ்டரிலும் மன்ஸ்டரிலும் மாலை 4 மணிக்குள் எல்லோரும் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அரசு கேட்டுக்கொண்டது. வண்டி சிக்கினால் மீட்க வருகிறவரும் சேர்ந்து சிக்குவார்.

போய்த்தான் ஆக வேண்டும் என்றால்: டயர் வரிப்பள்ளம் சட்டப்படி 1.6 மி.மீ. இருந்தால் போதும், ஆனால் பனியில் 3 மி.மீ.க்குக் கீழே நம்பாதீர்கள். இரண்டாவது கியரில் நகர்த்துங்கள், முதல் கியரில் சக்கரம் சுழன்று நின்ற இடத்தையே மெருகேற்றிவிடும். பனிக்கட்டியில் வண்டி நிற்க வழக்கத்தைப்போல் பத்து மடங்கு தூரம் பிடிக்கும். கூரை மேல் உள்ள பனியையும் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் அடித்ததும் கண்ணாடி மேல் சரியும். வழியில் சிக்கி இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்தால், புகைக்குழாயைச் சுற்றிப் பனி அடைக்கவில்லை என்பதை அடிக்கடி இறங்கிப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பனி என்றதும் எல்லோரும் ரொட்டிக்கு ஓடுவது ஏன்? கிடைக்காவிட்டால்?

ஸ்லைஸ்டு பேன் என்னும் வெட்டிய ரொட்டி இல்லாத ஐரிஷ் சமையலறை, அரிசி இல்லாத நம் வீடு மாதிரி. அது தினமும் லாரியில் வருவது, லாரி நின்றால் அதுவும் நின்றது. 2018-இல் காலி அலமாரிப் படங்கள் ஒரு நாட்டின் கேலியாகவே ஆயின. மாவும் சோடாவும் வீட்டில் இருந்தால் இந்த ஓட்டம் தேவையில்லை.

சோடா ரொட்டி: கோதுமை மாவும் மைதாவும் சேர்த்து 450 கிராம், சமையல் சோடா ஒரு தேக்கரண்டி தலைதட்டி (கட்டியில்லாமல் சலித்து), உப்பு ஒரு தேக்கரண்டி, புளித்த மோர் சுமார் 400 மில்லி. கடை மோர் இல்லாவிட்டால் பாலில் ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து பத்து நிமிடம் வையுங்கள். புளிப்பு இருந்தால்தான் சோடா பொங்கும். சப்பாத்தி மாவுபோல் பிசையக் கூடாது, இங்கேதான் நம்மவர்கள் கெடுப்பது. விரல்களால் ஒன்றுசேர்த்தால் போதும், பிசைந்தால் ரப்பராகும். சோடா உடனே வேலை தொடங்கிவிடுவதால் காத்திருக்கவும் கூடாது. உருட்டி, மேலே ஆழமாகச் சிலுவைக் கீறல் போட்டு, 230 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200-இல் 25 முதல் 30 நிமிடம். அடியில் தட்டினால் வெற்றுச் சத்தம் வர வேண்டும். கரண்ட் போய் கேஸ் அடுப்பு மட்டும் இருக்கிறதா? மாவை இரண்டு செ.மீ. தடிமனாகத் தட்டி, நான்காக வெட்டி, தோசைக்கல்லில் சிறு தீயில் பக்கத்துக்கு எட்டுப் பத்து நிமிடம்.

கரண்ட் போனால்?

மின் வாரியத்தின் எண் 1800 372 999, உயிர் ஆபத்துக்கு 112 அல்லது 999. திறக்காத ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள். பார்பெக்யூ அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கேஸ் பாய்லருக்கும் கரண்ட் வேண்டும் என்பதைப் பலர் அன்றுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

வேலைக்குப் போக முடியாவிட்டால் சம்பளம்?

பொதுவாக, வராத நாளுக்குச் சம்பளம் தரச் சட்டக் கட்டாயம் இல்லை. ஒப்பந்தத்தைப் பாருங்கள், விடுப்பாகக் கழிக்கலாமா என்று கேளுங்கள். செவிலியர்கள் முன்கூட்டியே மேற்பார்வையாளரிடம் சொல்லிவைப்பது நல்லது. 2018-இல் ராணுவமும் தொண்டர் படையான சிவில் டிஃபென்ஸும் தங்கள் வண்டிகளில் மருத்துவமனை ஊழியர்களை ஏற்றிப் போயின.

பண்ணையில் முதலில் எதைப் பார்ப்பது?

தண்ணீர். தீவனம் இருந்தும் தாகத்தில் பால் வற்றும், கறவை மாடு நாளைக்கு 60 லிட்டருக்கு மேல் குடிக்கும். அடுத்து கூரை. புது வெண்பனி கன மீட்டருக்கு 100 கிலோ அளவில்தான் இருக்கும், ஈரமானது 300-ஐத் தாண்டும். 30 செ.மீ. ஈரப்பனி என்றால் சதுர மீட்டருக்கு 90 கிலோ. 2018-இல் தென்கிழக்கில் கொட்டகைகளும் பாலிதீன் குடில்களும் மடிந்து விழுந்தது இப்படித்தான். குடில் இனி தாங்காது என்று தெரிந்தால் பாலிதீனைக் கிழித்துவிடுங்கள், சட்டமாவது மிஞ்சும்.

செம்மறி ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிக் கல்சுவரின் மறுபக்கம் படுக்கும், காற்று பனியைக் குவிப்பதும் அங்கேதான். சுவரோரமாக நீளக் கழியால் குத்திக்கொண்டே போங்கள். மூச்சுச் சூட்டில் மேலே சின்ன ஓட்டை விழுந்து, அதன் விளிம்பு மஞ்சளாக இருக்கும். அடியில் ஆடு உண்டு. நாட்கணக்கில் புதைந்தும் உயிரோடு வருவதுண்டு.

‘பனி கூரையை மூடியது’ என்று தாத்தா சொல்வதை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அது காற்று குவித்த மேடு. 1947-இல் ஐந்து மீட்டர் மேடுகள் இருந்ததாகச் சொல்வதும், திறந்த வயலில் அரை மீட்டர்தான் கிடந்தது என்பதும் ஒன்றையொன்று பொய்யாக்காது. ஆண்டுதான் குழம்பும். 1947, 1963, 1982 மூன்றும் ஒரே கதையாகிவிடும். ‘வீட்டில் கரண்ட் இருந்ததா, டர்ஃப் ஈரமா, கிறிஸ்துமஸ் முடிந்து எத்தனை நாள்’ என்று மூன்று கேள்வி கேட்டால் பிரிந்துவிடும். 1937-38-இல் பள்ளிப் பிள்ளைகளை விட்டு ஊர்ப் பெரியவர்களிடம் எழுதி வாங்கிய நாட்டார் தொகுப்பு இன்று இணையத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய குளிர்களுக்கும் புயல்களுக்கும் அதில் தேடலாம்.

வானிலை நினைவே சான்றிதழான காலமும் உண்டு. 1909-இல் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தபோது, 1864-க்கு முன் எல்லோருக்குமான பிறப்புப் பதிவு இல்லாததால், ‘1839 ஜனவரி 6 பெருங்காற்று இரவு ஞாபகமிருக்கிறதா?’ என்று கேட்டார்கள். ஞாபகமிருந்தவர்கள் எண்ணிக்கை திடீரென்று கூடிப்போனதில் வியப்பில்லை.

மார்ச் வந்தால் பயமில்லைதானே?

வரிப்பசு ஒன்று, ‘மார்ச்சால் என்னைக் கொல்ல முடியவில்லை’ என்று ஏப்ரல் பிறந்ததும் பீற்றிக்கொண்டதாம். மார்ச் ஏப்ரலிடம் மூன்று நாள் கடன் வாங்கி, அதன் தோலை உரித்துவிட்டது. மார்ச் முடிவிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் வரும் குளிரை ‘வரிப்பசுவின் நாட்கள்’ என்று இன்றும் சொல்கிறார்கள். 2018-இல் எம்மா போய் இரண்டு வாரத்தில், செயின்ட் பேட்ரிக் நாளை (மார்ச் 17) ஒட்டி மறுபடி பனி விழுந்தது. புல் முளைக்காமல் ஏப்ரலில் வெளிநாட்டிலிருந்து வைக்கோலும் தீவனமும் இறக்கினார்கள். குழாய் உறையையும் மண்வாரியையும் ஏப்ரல் நடு வரை கொட்டகைக்குள் வைக்காதீர்கள்.